சரி சாரும் கெர்னல் கேட்ட கேள்விகளும்

குன்றத்தூர் முருகன் கோயிலில் ஏசுதாசன் மொட்டை போட்டுக்கொண்டதற்குப் பக்தி காரணமில்லை. அவர் கத்தோலிக்கர். தெருக்கோடி சிட்டிபாபு வீட்டுக் குழந்தைக்கு முடியிறக்குகிறார்கள், நீங்களும் வாங்க சார் என்று கூப்பிட்டார்கள், போனார். குழந்தைக்கு முடிந்ததும், முடியிறக்குபவர் கத்தியைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்து, "அடுத்து நீங்களா சார், உக்காருங்க" என்றார். "சரிங்க" என்று ஏசுதாசன் உட்கார்ந்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான்.

வீடு வந்து சேர்ந்த தலையை அவர் மனைவி அமலராணி வாசலிலேயே நிறுத்திப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"உக்காரச் சொன்னார் ராணி. பாவம், வாய்விட்டுக் கேட்டுட்டார். எப்படி மாட்டேங்கிறது?"

ஏசுதாசனுக்கு ஐம்பத்து நான்கு வயது. சேலையூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர். குடியிருப்பது பீர்க்கன்கரணை ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கே போய் ஏசுதாசன் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'சரி சார்' வீடு என்றால் கைபிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். கூட்டிவந்தவரும் உங்கள் காரியம் முடிந்ததும் தனக்கென்று ஒரு காரியம் சொல்லிவிட்டுப் போவார்.

அந்தத் தெருவில் இரண்டு நலச்சங்கங்கள். ஒன்றை எதிர்ப்பதற்காகவே இன்னொன்றைத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் செயலாளர் ஏசுதாசன்தான். இரண்டு தரப்பும் கேட்டது, இரண்டு தரப்புக்கும் சரி என்றார். முதல் சங்கத்தின் சார்பில் இரண்டாம் சங்கத்துக்குக் காரசாரமாக ஒரு கண்டனக் கடிதம் எழுதுவார். மறுநாள் அதைத் தானே பிரித்துப் படித்து, மனம் புண்பட்டு, அதைவிடக் காரமாகப் பதில் எழுதுவார். பதில் தாமதமானால் தனக்குத் தானே நினைவூட்டல் அனுப்பிக்கொள்வார்.

இந்தக் குணம் நடுவில் வந்ததில்லை. அவருடைய கல்யாணத்தன்று காலையில் மண்டப வாசலில் பெயர்ப் பலகையே இல்லை. மாப்பிள்ளைக்குக் கையெழுத்து அழகு என்பதால், பலகையை நானே எழுதிவிடுகிறேன் என்று அவரே சொல்லியிருந்தார். ஆனால் அதே நாளில் கல்யாணம் வைத்திருந்த இன்னொருவர் தனக்கும் எழுதித் தரக் கேட்க, அதற்கும் சரி என்று சொல்லி, அதை முதலில் எழுதி முடிப்பதற்குள் பூசை மணி அடித்துவிட்டது. அமலராணியின் உறவினர்கள் யாருடைய கல்யாணம் என்று தெரியாமல் அரைமணி நேரம் வெளியே நின்றார்கள். அவள் இதை இன்னும் மறக்கவில்லை. மறக்கிற மாதிரியா செய்து வைத்திருக்கிறார் மனுஷன்.

ஊருக்கெல்லாம் சரி சொன்ன அவர், ஒரே ஒருவருக்கு மட்டும் வேறு பதில் வைத்திருந்தார். கல்யாணமான மறுநாள் அமலராணி, "ஒருநாள் கோவளம் போய் மாதா கோயிலையும் கடலையும் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டாள். ஏசுதாசன், "பார்க்கலாம் ராணி" என்றார். பீர்க்கன்கரணையிலிருந்து கோவளம் ஸ்கூட்டரில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரப் பயணம் இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. அமலராணி கணக்கு டீச்சர், பிடிவாதக்காரி. பள்ளிச் சுற்றுலாவில் இரண்டு முறை பேருந்து கோவளத்தில் நின்றது. அவரோடு வந்தால்தான் பார்ப்பேன் என்று இரண்டு முறையும் இறங்காமல், கடல் தெரியாத பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள்.

இந்த வருஷம் மே மாதம், இருபத்தைந்தாவது கல்யாண நாள் சனிக்கிழமையில் வந்தது. இருவருக்கும் கோடை விடுமுறை. திங்கட்கிழமை காலையில் இட்லியை வைத்துக்கொண்டே அமலராணி கேட்டாள்.

"சனிக்கிழமை கோவளம் போறோமா?"

"பார்க்கலாம் ராணி."

"இந்தத் தடவையும் போகலைன்னா இனிமே கேக்க மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஏசுதாசன் சமாளித்திருப்பார். அவள் சட்னியை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னதால், இரண்டாவது இட்லியைத் தொடாமலேயே கைகழுவ எழுந்துவிட்டார்.

அன்று பத்து மணிக்கே சிட்டிபாபு வந்துவிட்டார், கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியோடு. சிட்டிபாபுவின் முன்னோர்கள் பெருங்களத்தூரில் நெல் விளைவித்த நிலத்தில் இப்போது அவருடைய கல்யாண மண்டபம் நிற்கிறது. வாசலில் சுவரகலத்துக்கு ஒரு டிவி. மணமக்கள் பெயரை அதில் காட்டுவது இந்தப் பெட்டிதான்.

"பேஜாரா கீது சார்" என்றார் சிட்டிபாபு. "ஒவ்வொரு வாட்டியும் கரண்டு போயி வந்தா மூணு நிமிசம் டிவி இருட்டா நிக்குது. உள்ள யாரு கல்யாணம்னு வர்றவனுக்கு இன்னா தெரியும்? போன வாரம் ஒரு வேன் ஜனம் பக்கத்து மண்டபத்துல பூந்து, சாப்ட்டு, பொண்ணு மாப்பிள்ளை கூட போட்டோவும் எடுத்துகினு வூட்டுக்கே பூட்டாங்க. சனிக்கெளம சாயங்காலம் ஹரிபிரசாத், மாளவிகான்னு ஒரு பெரிய பார்ட்டியோட ரிசப்சன். வெள்ளிக்கெளமைக்குள்ள சரி பண்ணிக் குட்த்துருங்க சார்."

"சரிங்க" என்றார் ஏசுதாசன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

பெட்டியைப் பிரித்துப் பார்த்ததில் கோளாறு புரிந்தது. பெட்டிக்குள் தொழிற்சாலையிலேயே எழுதி வைத்த ஃபர்ம்வேர் என்ற ஒரு குட்டி நிரல் இருக்கிறது. கரண்டு வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். திரையை ஏற்றி வைத்து, இயந்திரத்தைத் தயார் செய்து, பிறகு கெர்னல் என்ற பெரிய நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன்பின் எல்லாமே கெர்னல்தான். இந்தப் பெட்டியின் கெர்னலோ, ஃபர்ம்வேர் ஏற்றிக் கொடுத்த திரையை அணைத்துவிட்டு, வேறு வழியில் ஏற்ற மூன்று நிமிடம் தடவிக்கொண்டிருந்தது. இதற்கு ஒரே வழி, கெர்னலைப் புதிதாகக் கட்டுவது.

கெர்னலைக் கட்டுவதற்கு முன்னால் அது நம்மைக் கேள்வி கேட்கும். இந்த வசதி வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா என்று ஆயிரக்கணக்கில். Y அடித்தால் வேண்டும். N அடித்தால் வேண்டாம். M அடித்தால் இப்போது சேர்க்காதே, பக்கத்தில் எடுத்து வை, தேவைப்பட்டால் அப்போது கூப்பிட்டுக்கொள்ளலாம். விவரமானவர்கள் பட்டியலைத் திறந்து, வேண்டியதை மட்டும் தொட்டுவிட்டு எழுந்து போவார்கள். ஏசுதாசன் ஒவ்வொரு கேள்வியாக வரிசையில் வரும் பழைய முறையைத்தான் எடுத்தார். கேட்டுக்கொண்டு நிற்பவரைத் தாண்டிப் போவது அவருக்கு மரியாதையாகப் படவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் Y அடித்தார். அவரால் வேறென்ன அடிக்க முடியும்? ஃபர்ம்வேர் டிரைவர்கள், அதாவது ஃபர்ம்வேரோடு பேச உதவும் துணை நிரல்கள், என்ற பகுதி வந்தது. ஒரு பெரிய கம்பெனியின் சர்வர்களில் மட்டும் இருக்கும் ஃபர்ம்வேரோடு பேச வசதி வேண்டுமா? வேண்டும். ஒவ்வொரு முறை அணைத்து ஏற்றும்போதும் நினைவகத்தை முழுக்கத் துடைத்துவிடும்படி ஃபர்ம்வேரைக் கேட்டுக்கொள்ளட்டுமா? பாவம், கேட்டுக்கொள். எங்கோ தூரத்தில் இருக்கும் டிஸ்கிலிருந்து ஏறும் வசதி? அதுவும் இருக்கட்டும்.

கெர்னலைக் கட்டும் வேலை மதியம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை ஓடியது. லேப்டாப்பின் விசிறி போட்ட சத்தத்தில் அமலராணி இரண்டு முறை அடுப்படிக்குப் போய், கிரைண்டரை அணைக்க மறந்துவிட்டோமா என்று பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் பிறந்த கெர்னல், பெட்டியில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நுழையவே இல்லை. அவ்வளவு பருமன்.

புதன்கிழமை அவர் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். எதற்கெல்லாம் M என்ற வழி உண்டோ அதற்கெல்லாம் M அடித்தார். யார் மனமும் கோணாது, கெர்னலும் பெருக்காது. அப்படியே ஒல்லியாக வந்தது. பெட்டியில் ஏற்றினார். டிஸ்கைத் திறக்க உதவும் டிரைவரையும் பக்கத்தில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் அல்லவா, அந்தப் பக்கம் என்பது டிஸ்குக்குள் இருந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். கெர்னல் இரண்டு வரி புலம்பிவிட்டு உயிரை விட்டது.

வியாழக்கிழமை அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. நாளை மாலை பெட்டியைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சனிக்கிழமை மண்டபத்திலேயே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருக்கும், கோவளம் அவ்வளவுதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்த முறை ஒவ்வொரு கேள்விக்கும் கேள்விக்குறியை அடித்து, கூடவே வரும் விளக்கத்தைப் படித்தார். ஃபர்ம்வேர் பகுதியில் ஒரு விளக்கத்தின் கடைசி வரியைப் படித்ததும் எழுந்தேவிட்டார்.

"ராணி, இங்க வாயேன். இதைப் பாரு. தெரியலைன்னா N சொல்லுங்கன்னு போட்டிருக்கு."

அமலராணி ஈரக்கையோடு வந்து குனிந்து படித்தாள். "அதுல என்ன அதிசயம்?"

"சொல்லலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க. யாரும் கோச்சுக்க மாட்டாங்களாம்."

"எழுதினவர் நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஏசுதாசன் வாழ்க்கையின் முதல் N-ஐ அந்தப் பெரிய கம்பெனியின் சர்வர் ஃபர்ம்வேருக்கு அடித்தார். அடித்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. தூர டிஸ்குக்கு ஒரு N. நினைவகத்தைத் துடைப்பதற்கு ஒரு N. காதோரம் சூடாகி, சின்னதாக ஒரு போதைகூட வந்தது.

அப்போதுதான் அவருக்கு வேண்டிய கேள்வி வந்தது. ஃபர்ம்வேர் ஏற்றி வைத்த திரையை அப்படியே வாங்கிக்கொள்ளலாமா? இதில்தான் மண்டபத்து டிவியின் மானமே இருக்கிறது. தப்பாகிவிட்டால்? பழக்கதோஷத்தில் M அடித்தார். அதே கேள்வி மறுபடி வந்து நின்றது. மறுபடி M. மறுபடி அதே கேள்வி. உற்றுப் பார்த்தார். இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் Y, N இரண்டுதான் போட்டிருந்தது. பக்கத்தில் எடுத்து வைக்கிற பேச்சே இதற்குக் கிடையாது. பதில் வருகிறவரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

"டீ எடுத்துக்குங்க" என்று அமலராணி டம்ளரை மேசையில் வைத்தாள். "சனிக்கிழமை என்ன முடிவு பண்ணீங்க?"

"பார்க்க..." என்று தொடங்கிய ஏசுதாசன் அப்படியே நின்றுவிட்டார்.

திரையில் அந்தக் கேள்வி காத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷமாக இவளும் இதே கேள்வியைத்தான் கேட்கிறாள், நானும் M அடித்துக்கொண்டே இருக்கிறேன் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. யாரென்றே தெரியாதவன் உட்காரச் சொன்னால் தலையைக் கொடுக்கிறோம். வழியில் போகிறவனுக்கெல்லாம் சரி. கட்டிய மனைவிக்கு மட்டும் பார்க்கலாம். அவளோடு போவதற்கு வைத்திருக்க வேண்டிய நாளையெல்லாம் அடுத்தவர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் அவளை நிறுத்தி வைத்திருக்கிறோம். அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. டீயைக் குடித்து அதை மறைத்தார்.

"சரி" என்றார்.

"என்ன சரி?"

"போறோம். சனிக்கிழமை. காலையில."

அமலராணி நம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நடுவுல யாராவது கூப்பிட்டா?"

"மாட்டேன்னு சொல்லிடறேன்."

"எங்க, சொல்லிக் காட்டுங்க." முந்தானையை இடுப்பில் செருகி, குரலைத் தடிமனாக்கிக்கொண்டாள். "இன்னா சார், சனிக்கெளம ஃப்ரீயா கீறியா?"

"சரிங்க" என்றார் ஏசுதாசன்.

டீச்சர் விடுவாளா? ஏழாம் வகுப்பு வாய்ப்பாடு மாதிரி இருபது முறை சொல்ல வைத்தாள். பதினான்காவது முறையில்தான் 'முடியாது' என்ற சொல் முழுதாக வெளியே வந்தது. அதுவும் 'மன்னிச்சிடுங்க' என்ற வாலோடு. அவள் போனதும் ஏசுதாசன் திரையைப் பார்த்து Y அடித்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் புதுக் கெர்னல் பத்து வினாடியில் எழுந்து திரையைக் காட்டியது. நடுவில் ஒரு இமை நேரம்கூட இருட்டில்லை. சோதித்துப் பார்க்க ஏதாவது இரண்டு பெயர் வேண்டியிருந்தது. அமலராணி, ஏசுதாசன் என்று அடித்தார். நாளை என்ன நாள் என்பது ஞாபகம் வர, கீழே 'இருபத்தைந்தாம் ஆண்டு, வருக வருக' என்றும் சேர்த்தார். மாலையில் சிட்டிபாபுவின் வீட்டுக்குப் போய், பெட்டியையும் ஒரு பென்டிரைவையும் கொடுத்தார்.

"நாளைக்கு மாப்பிள்ளை பொண்ணு பேரு இந்தப் பென்டிரைவுல இருக்கு. சொருகினா அது வரும். சொருகலைன்னா டெஸ்டிங்குக்குப் போட்ட பேரு வரும்."

"ஆவட்டும் சார்" என்று சிட்டிபாபு பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, அதன்மேல் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. அமலராணி பட்டுப் புடவையில் தயாராக, ஹெல்மெட்டைக்கூட மாட்டிக்கொண்டு ஹாலில் நின்றாள். போன் அடித்தது.

"சரி சார், இன்னைக்கி நீங்க சும்மா வந்து பெட்டி பக்கத்துல ஒரு சேர் போட்டு உக்காந்துகினு இருங்க. ஒரு தைரியத்துக்கு சார். சாப்பாடு அங்கியே" என்றார் சிட்டிபாபு.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் ஏசுதாசனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"முடியாது சிட்டிபாபு சார். மன்னிச்சிடுங்க."

சட்டென்று இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஏழே நிமிடத்தில் சிட்டிபாபுவின் வண்டி வாசலில் வந்து நின்றது. கையில் ஒரு இளநீர். நேராக வந்து ஏசுதாசனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சார், தலை கிலை சுத்துதா? சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். உங்க வாயிலேந்து அந்த வார்த்தை வந்ததும் எனக்குக் கை கால் ஓடல."

"அவருக்கு ஒண்ணுமில்லைண்ணா" என்றாள் அமலராணி. "இன்னைக்குத்தான் நல்லா இருக்காரு." இளநீரை வாங்கி அவளே குடித்துவிட்டு, தங்கள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம். மாதா கோயிலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அமலராணி ஒரு மணி நேரம் கடலையே பார்த்தாள். ஏசுதாசனுக்கோ காலையில் சொன்ன ஒரு 'முடியாது' தலைக்கேறியிருந்தது. சுண்டல்காரரிடம் வேண்டாம் என்றார். பலூன் சுடக் கூப்பிட்டவரிடம் முடியாது என்றார். மணி கேட்டவரிடம்கூடச் சொல்வதற்கில்லை என்றார். சாயங்காலம் படகோரம் மீன் விற்ற அம்மா ஒரு கூறு சங்கராவைத் தூக்கிக் காட்டியபோது, கையை உயர்த்தி, "வேண்டவே வேண்டாம்" என்றார்.

"ஏங்க, அது எனக்கு வேணும்" என்றாள் அமலராணி.

மீனைப் பையில் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தபோது மணி ஆறு. போன் அடித்தது. ஏசுதாசனின் கையெல்லாம் மீன் ஈரமாக இருந்ததால் அமலராணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், டிவி சூப்பரா கீது, டக்குனு வருது. ஆனா உங்க பேரு வந்துகினு கீது சார். ஹரிபிரசாத் கல்யாணத்துக்கு வந்தவங்கல்லாம் வாசல்ல நின்னுகினு யாரு இந்த அமலராணின்னு கேக்கறாங்க. பாதி ஜனம் பக்கத்து மண்டபம் பக்கமா நகந்துகினு கீது. இருங்க, போட்டோ அனுப்பறேன், பாருங்க."

படம் வந்தது. வாழை மரம் கட்டிய வாசல், சீரியல் விளக்கு, நடுவில் சுவரகலத்துக்கு அவள் பெயர், பக்கத்தில் அவர் பெயர். கீழே யாரோ இரண்டு பெரியவர்கள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமலராணி, சிட்டிபாபுவுக்குக் கேட்காமல் போனைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "இதை எப்படிங்க மாத்தணும்?"

"பென்டிரைவ் அவர் நேத்து போட்டிருந்த சட்டைப் பையிலயே தங்கிடுச்சு போல. சொருகினா உடனே மாறிடும்."

அவள் தலையாட்டினாள். படத்தை விரலால் விரித்துத் தன் பெயரை ஒரு முறை, அவர் பெயரை ஒரு முறை, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு முறை படித்தாள்.

"டீச்சர், கேக்குதா? இன்னா பண்ணணும்னு சாரைக் கேட்டு சீக்கிரம் சொல்லுங்க" என்றார் சிட்டிபாபு.

"பார்க்கலாம்ண்ணா" என்று சொல்லிவிட்டு, அமலராணி போனை மீன் பைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.